ஒன்பதால் மீதியின்றி வகுபட்ட எண்

மகன் ஸ்டோரில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மகள் சர்வே பிரிவில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. உங்கள் இருவருக்கும், உங்களோடு வேலைக்குச் சேர்ந்து சாயங்காலம் நம் வீட்டுக்கு டீ குடிக்க வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

"அனுபவத்தை எழுதுங்கப்பா, எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் எல்லாரும் தாங்கள் ஜெயித்ததையே எழுதுகிறார்கள். நான் ஜெயித்தவற்றை என் ஓய்வு விழாவில் மாலை போட்டவர்களே மைக்கில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. படித்த பிறகு அப்பாவைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவன். அப்போது இந்த நகரியத்தில் பாதி பிளாக்குகளுக்கு எண் மட்டும்தான் இருந்தது, வீடு இருக்காது. எனக்கு உதிரி பாகங்கள் வைக்கும் ஸ்டோரில் கிளார்க் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் புரொபேஷன். அது முடிந்தால்தான் வேலை உறுதி.

ஸ்டோரில் எந்தப் பொருளுக்கும் பெயர் கிடையாது என்பதை மகன் இதற்குள் கண்டிருப்பான். கியர் என்று கேட்டால் நூறு கியர் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் மண் தோண்டும் பெரிய இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. உதிரி பாகமும் அங்கிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஒரு இலக்கம் பிசகினால் வேறொரு பொருள் கடல் தாண்டி வந்து நிற்கும். வந்ததைத் திருப்பி அனுப்பிச் சரியானதை வரவழைப்பதற்குள் அரை வருடம் ஓடிவிடும். அதுவரை இயந்திரம் மழையில் நனைந்தபடி நிற்கும்.

ஆகையால் எண்ணைப் பிழையில்லாமல் எழுதுவதுதான் எங்கள் வேலை. அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கற்றது. எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்ட வேண்டும். வந்த கூட்டுத்தொகையின் இலக்கங்களை மறுபடி கூட்ட வேண்டும். கடைசியில் ஓரிலக்கம் மிஞ்சும். அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி அதுதான். ஒன்பது மிஞ்சினால் மீதி இல்லை என்று பொருள். மூல எண்ணுக்கும் நகலுக்கும் இது ஒன்றாக வந்தால் நகல் சரி. இந்த வழியில் நான் பிடித்த தவறுகள் ஏராளம். ஒரு ஏழு ஒன்றாக மாறியிருக்கும், ஒரு மூன்று எட்டாக மாறியிருக்கும். கையில் பேப்பரை வாங்கியதும் சொல்லிவிடுவேன். எப்போதும் ஒன்பதையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு 'நவக்கிரகம்' என்று பெயர் வைத்தார்கள். "நவக்கிரகம் சுத்தி வந்துட்டுதா? அப்ப கையெழுத்துப் போடலாம்" என்பார் எங்கள் ஸ்டோர் அதிகாரி. எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் குளிர்ச்சியாக இருக்கும்.

ஸ்டோரில் பெட்டி இறக்க, உடைக்க, கிரீஸ் துடைக்க, எண் அடித்த தகரச் சீட்டு கட்ட கான்ட்ராக்டில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அய்யாக்கண்ணு. பக்கத்தில் இருக்கும் வடக்குத்து ஊர்க்காரர். சொந்த நிலம் இல்லாத குடும்பம். சுரங்கம் வருவதற்கு முன் சேத்தியாத்தோப்பு நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'சார்' என்றார். அது எங்கள் இருவருக்குமே தவறாகத் தெரியவில்லை.

அய்யாக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண் தெரியும். பெட்டி மேல் இருக்கும் எண்ணும் என் லிஸ்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். முதல் இலக்கத்தை வலது கை விரல்களில் எண்ணுவார், அடுத்ததை இடது கையில், அதற்கடுத்ததை மறுபடி வலது கையில். கடைசியில் வலதுக்கு இவ்வளவு, இடதுக்கு இவ்வளவு என்று இரண்டு தொகை வைத்திருப்பார். லிஸ்டிலும் அதே இரண்டு தொகை வந்தால்தான் தலையாட்டுவார்.

"இது எங்க படிச்ச வித்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிக்கறதாவது. மண்டியில மூட்டைய அடுக்கி ரெண்டு அட்டி போடுவோங்க. வண்டியில இருந்து மூட்டைய எறக்கிகினு வரும்போது இந்த அட்டிக்கு ஒண்ணு, அந்த அட்டிக்கு ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா எண்ணிகினே போவணும். மொத்தமா எண்ணுனா தூங்கிப் பூடுவோம்."

நான் சிரித்தேன். அதில் கணக்கு என்று ஒன்று இருப்பதாகவே எனக்குப் படவில்லை.

அந்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களில் நான்கு பேரை ஸ்டோர் ஹெல்ப்பராக பெர்மனன்ட் செய்வதாக ஒரு பட்டியல் தயாரானது. இரண்டாவது பெயர் அய்யாக்கண்ணு. எழுதியவன் நான்தான். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். "சார், இந்த ஒரு பேப்பர் வந்துட்டா எங்கூட்டுக்கு மேல ஓடு போட்டுடுவேன், எம் பொண்ண ஒழுங்கா படிக்கப் போட்டுடுவேன்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். நானும் "வந்துடும்யா" என்பேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு இயந்திரத்தின் கியர்பாக்ஸில் பெரிய பல்சக்கரம் வெடித்துவிட்டது.

புதுச் சக்கரத்துக்குத் தந்தி அடிக்க வேண்டும். அதற்கு எண் வேண்டும். எண் இருக்கும் தகடு இயந்திரத்தின் அடிவயிற்றில், ஒரு ஆள் மல்லாந்து படுத்து ஊர்ந்துபோனால் மட்டும் எட்டும் இடத்தில் இருந்தது. நானும் அய்யாக்கண்ணுவும் சுரங்கத்துக்குள் இறங்கினோம். நான் அட்டையும் பென்சிலுமாகக் கீழே நின்றேன். அவர் இடுக்கில் நுழைந்து, கிரீஸை வழித்து, சத்தமாகப் படித்தார்.

"ஏழு, மூணு, எட்டு... ரெண்டு, ஆறு, நாலு... ஒம்பது, ஒண்ணு, அஞ்சு."

எழுதினேன். மூன்று மூன்றாகப் பிரித்து எழுதும் பழக்கம்.

"ஆச்சா? இறங்கு" என்றேன்.

"இருங்க சார், ரெண்டு கையும் பாத்துகினு வந்துடறேன்."

"இருட்டுக்குள்ள படுத்துக்கிட்டு விரல் விடாதய்யா. ஜீப்பு காத்துக்கிட்டிருக்கு."

பக்கத்தில் கன்வேயர் பெல்ட் இரைந்துகொண்டிருந்தது. அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்து முகமெல்லாம் கறுப்பாக வெளியே வந்தார்.

ஸ்டோருக்குத் திரும்பியதும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அந்த எண்ணைப் பார்த்தேன். பிள்ளைகளே, அதில் ஒரு அழகு இருந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது இலக்கமும் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. பூஜ்யம் கிடையாது. எத்தனையோ ஆயிரம் எண்களைக் கண்ட எனக்கு அப்படி ஒன்று அதுவரை கிடைத்ததில்லை. கூட்டினேன், நாற்பத்தைந்து. நாலும் ஐந்தும் ஒன்பது. சோறு ஆறிப்போகும்படி அந்த முழு எண்ணையும் ஒன்பதால் வகுத்தே பார்த்தேன். 82027435. மீதி இல்லை. கோவில் மணி கேட்டதுபோல இருந்தது.

நான் வகுத்தது 738246915 என்ற எண்ணை.

மேலே அய்யாக்கண்ணு படித்ததை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு, ஆறு, நாலு என்று அவர் படித்தார். நான் இரண்டு, நாலு, ஆறு என்று எழுதியிருக்கிறேன். சின்ன வயதில் இரண்டாம் வாய்ப்பாட்டைத் தலையாட்டிச் சொன்ன கை அது. இரண்டுக்குப் பின் நாலு என்று தானாக ஓடியிருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு அது தெரியவில்லை என்பது மட்டும் சத்தியம்.

பொருள் வரவழைக்கும் படிவமான இண்டென்டை எழுதினேன்; அது நாலு நகலாகத் தட்டச்சாகி வந்தது. ஒவ்வொரு நகலையும் கூட்டினேன். எல்லாம் நாற்பத்தைந்து. அதிகாரி நாலு மணிக்கு ஜீப்பில் சென்னைக்குக் கிளம்புகிறார். அவர் கையெழுத்து இல்லாமல் தந்தி போகாது. மூன்றரை மணிக்கு, அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, வெடித்த சக்கரத்துக்குத் தகரச் சீட்டு அடிப்பதற்காக அய்யாக்கண்ணு என் அட்டையை வாங்கினார். விரல்கள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

"சார், ஒதைக்குதுங்க."

"என்ன ஒதைக்குது?"

"தகட்டுல வலதுக்கு முப்பத்தஞ்சு, எடதுக்குப் பத்துங்க. இங்க முப்பத்து மூணும் பன்னெண்டும் வருது."

"முப்பத்தஞ்சும் பத்தும் எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சுங்க."

"முப்பத்து மூணும் பன்னெண்டும்?"

"அதுவும் நாப்பத்தஞ்சுதாங்க. ஆனா சார், ஒரு மூட்டைய இந்த அட்டியில இருந்து எடுத்து அந்த அட்டியில போட்டுட்டாலும் மொத்தம் மாறாதுங்களே."

இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்ல முடியாது. இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டது மூட்டை என்ற சொல் மட்டும்தான்.

"அய்யாக்கண்ணு, இது நெல்லு மூட்டை இல்ல."

"அர மணி நேரம் குடுங்க சார். ஒரே ஓட்டமா போயி மறுபடியும் தகட்டப் பாத்துகினு வந்துடறேன்."

"நாலு மணிக்கு அவர் போயிடுவாரு. அவர் திரும்பி வர ஒரு வாரம். மெஷின் நிக்கறதுக்கு நீ பதில் சொல்லுவியா? மண்டியில மூட்டை தூக்கினவன் எனக்கு எண்ணு சொல்லித் தர வேண்டாம். போய்ச் சீட்டு அடி."

அவர் என்னைப் பார்த்தார். பட்டியலில் பெயர் எழுதியவனிடம் எவ்வளவு தூரம் வாதாடலாம் என்று யோசித்திருப்பார். "சரிங்க சார்" என்று போய்விட்டார். அதிகாரி வழக்கம்போல, "நவக்கிரகம் சுத்திட்டுதா?" என்று கேட்டார். சுற்றிவிட்டது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சக்கரம் பல மாதம் கழித்து வந்தது. பெட்டியை உடைத்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்வைக்கு அதே சக்கரம்தான். கிரேனில் தூக்கிப் பொருத்தும்போது நடுத்துளை நான்கு விரல் சிறியதாக இருந்தது. எண்ணின் நடு மூன்று இலக்கங்கள் அளவைக் குறிப்பவையாம். சக்கரத்தைப் பொருத்த வந்திருந்த ஜெர்மன் பிட்டரே இடுக்கில் படுத்துத் தகட்டைப் படித்துவிட்டு வந்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். 738264915. என் அட்டையில் 738246915. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் காதுக்குள் அய்யாக்கண்ணுவின் குரல் வந்தது.

இங்கே நிறுத்திக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நாளைக்கு வேண்டும்.

64ஐ 46 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 18. 91ஐ 19 என்று எழுதினால் வித்தியாசம் 72. எந்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே வரும். ஆகவே ஒன்பதால் சோதிப்பவனுக்கு இடமாற்றப் பிழை கண்ணிலேயே படாது. அந்த இரண்டு பெரிய எண்களுக்கும் வித்தியாசம் பதினெட்டாயிரம். அதுவும் ஒன்பதால் தீரும். நான் ரசித்த அழகு இருக்கிறதே, ஒன்பது இலக்கமும் ஒரே ஒருமுறை வருவது, அது இன்னும் மோசம். அந்த ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக வரிசை மாற்றி எழுதலாம். எப்படி எழுதினாலும் கூட்டுத்தொகை நாற்பத்தைந்து. எல்லாமே ஒன்பதால் மீதியின்றி வகுபடும். சரியான எண் ஒன்று. மற்ற 3,62,879 தவறுகளையும் என் சோதனை சரி என்றே சொல்லியிருக்கும். நான் கோவில் மணி என்று நினைத்தது அதைத்தான்.

அய்யாக்கண்ணுவின் வழியில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் ஒன்று வலது கையிலிருந்து இடது கைக்குப் போய்விடும். உடனே தெரியும். அவருடைய வழிக்கும் கண் தெரியாத இடம் உண்டு. முதல் இலக்கமும் மூன்றாம் இலக்கமும் மாறினால் இரண்டும் வலது கைதானே, ஏமாந்துபோகும். ஆனால் எழுதும் கை தடுமாறுவது பெரும்பாலும் அடுத்தடுத்த இலக்கத்தில்தான். எந்தச் சோதனையைக் கையில் எடுத்தாலும் இது எதைப் பார்க்காது என்று முதலில் கேளுங்கள். நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

இது தொழில் பாடம். இதற்காக மட்டும் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

விசாரணை நடந்தது. என் புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு எட்டாம் மாதம். குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதிகாரி மேசைக்குப் பின்னால், நான் பக்கத்து நாற்காலியில், அய்யாக்கண்ணு நின்றுகொண்டு. மேசைமேல் என் அட்டையும் நாலு நகல்களும் இருந்தன.

"எல்லாப் பேப்பரும் ஒரே மாதிரிதான் இருக்கு. அப்ப தப்பு பேப்பர்ல இல்ல. படிச்சதுலதான் இருக்கணும்" என்றார் அதிகாரி. "நீதானேய்யா படிச்சே?"

"ஆமாங்க. சரியாத்தாங்க படிச்சேன். ரெண்டு ஆறு நாலுன்னுதான் சொன்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அடையாளம் என்ன?"

"கையில பாத்தேனுங்களே. வலதுக்கு முப்பத்தஞ்சு, எடதுக்குப் பத்து."

"என்னய்யா இது, கிளி ஜோசியம் மாதிரி?"

"இல்லைங்க. தந்தி போறதுக்கு முன்னாடியே சார்கிட்ட சொன்னேன். முப்பத்தஞ்சும் பத்தும் வரணும், இங்க வேற வருதுன்னு. மறுபடியும் போயி பாத்துகினு வரேன்னு கேட்டேன். சாரையே கேளுங்க."

இதன் கனத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் இரண்டு நாலு ஆறு என்று தவறாகப் படித்திருந்தால் அவர் கைகள் அன்று முப்பத்து மூன்றும் பன்னிரண்டும் என்றுதான் கண்டிருக்கும். சரியான எண்ணைக் கண்ணால் கண்டவனைத் தவிர வேறு யாரும் முப்பத்தைந்தும் பத்தும் என்று சொல்லியிருக்க முடியாது. அதை அவர் சொன்னது ஜெர்மன்காரர் தகட்டைப் பார்ப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னால். அவர் மேல் தவறில்லை என்பதற்கு அதைவிட உறுதியான அத்தாட்சி வேண்டாம். அந்த அத்தாட்சி முழுக்க ஒரே ஒருவனிடம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனிடம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொன்னானா?"

கெட்டவர் இல்லை அவர். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே பதிவு செய்திருப்பார். என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டியிருப்பார்கள். வேலையே போயிருக்கலாம். எனக்கு வீட்டுச் சாவி ஞாபகம் வந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

இல்லை என்று மறுக்கவில்லை, பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். மறுத்திருந்தாலாவது அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். ஞாபகம் இல்லை என்பவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அய்யாக்கண்ணு அதிகாரியிடம், "சரிங்க. எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பட்டியலில் அவர் பெயரை அடித்து வேறு பெயர் எழுதும்படி குறிப்பு வந்தது. அடித்தவனும் நான்தான். கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்து அடித்தேன்.

எனக்கு வேலை உறுதியானது. அதற்குப் பின் நான் ஒரு எண்ணையும் ஒன்பதை மட்டும் நம்பி அனுப்பவில்லை. அட்டையின் ஓரத்தில் பென்சிலால் வலதுத் தொகை, இடதுத் தொகை இரண்டையும் எழுதிவைத்தேன். மற்ற கிளார்க்குகள் பார்த்துக் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்தேன். புதிதாக வந்த ஒரு இன்ஜினியர், "ரெண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தா இது பதினொன்றால் வகுக்கிற சோதனைங்க, பெரிய விஷயம்" என்று வியந்தார். ஸ்டோர் முழுவதும் இண்டென்டில் அதற்கென்று ஒரு கட்டம் அச்சடித்தார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நம் வீட்டு முன்அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான். எங்கே கற்றீர்கள் என்று அந்த இன்ஜினியர் கேட்டபோது, "வேலை செய்யச் செய்ய வந்துச்சு சார்" என்றேன். இரண்டாம் தடவையும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சில வருடம் கழித்து, சிதம்பரத்திலிருந்து வரும் வழியில் சேத்தியாத்தோப்பில் பஸ் மாற இறங்கினோம். உங்கள் அம்மா மகனைத் தூக்கிக்கொண்டு நிழலில் நின்றாள். மண்டி வாசலில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அய்யாக்கண்ணு. தலை நரைத்துவிட்டிருந்தது. நான்தான் போய் நின்றேன். முதல்முறையாக 'நீங்க' என்று வாயில் வந்தது.

"நல்லா இருக்கீங்களா?"

"வாங்க சார். குழந்தையா? பையனா?" என்றார், எதுவும் நடக்காதது போல. அதுதான் தாங்கவில்லை.

"அய்யாக்கண்ணு, அன்னைக்கு நீங்க சொன்னது..."

"ஞாபகம் வந்துட்டுதுங்களா?"

கேலியாகவா கேட்டார், நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "இப்ப போய் எழுதிக் கொடுக்கறேன். அதிகாரிகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

"வயசு தாண்டிப் போச்சே சார். இனிமே எந்தப் பட்டியல்ல ஏத்துவாங்க?" முதுகிலிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆனா எழுதிக் குடுங்க. வேலைக்கு இல்ல. வடக்குத்துல எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சு, எண்ணு படிக்கத் தெரியாம மெஷின நிறுத்துனவன்னு. எம் பொண்ணுகிட்டயே பள்ளிக்கூடத்துல கேக்குறாளுங்க, ஒங்கப்பனுக்கு நாலு முன்னாடியா ஆறு முன்னாடியான்னு. அவ கையில குடுக்க ஒரு காயிதம் வேணும். நீங்க எழுதுனாத்தான் நம்புவாங்க."

"அடுத்த வாரம் கொண்டு வரேன்" என்றேன்.

அடுத்த வாரம் பதவி உயர்வுக்குப் பெயர்கள் போவதாகப் பேச்சு இருந்தது. கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் ஊருக்குள் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பதவி உயர்வு வரட்டும் என்று இருந்தேன். வந்தது. பிறகு அடுத்தது வரட்டும் என்று இருந்தேன். இரண்டு தடவை சைக்கிளில் வடக்குத்து வரைக்கும் போய், ஊர் ஆரம்பிக்கும் இடத்தில் திரும்பிவிட்டேன். நான் ஓய்வுபெற்ற வருடம், ஸ்டோரில் பெட்டி இறக்க வந்த ஒருவர் சொல்லித்தான் அவர் இறந்துபோன செய்தி தெரிந்தது. இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

அவருடைய மகள் வடக்குத்திலேயேதான் இருக்கிறாள், அங்கேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளே, கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். இதற்குக் கீழே தனித்தாளில் நான் எழுதியிருப்பதை நாளை காலை நானே கொண்டுபோகிறேன். வழியில் திரும்பிவிடக்கூடியவன் உங்கள் அப்பா. அதனால் நீங்கள் இருவரும் கூட வாருங்கள்.

*

வடக்குத்து அய்யாக்கண்ணுவின் மகளுக்கு,

வெடித்த பல்சக்கரத்தின் எண்ணை உங்கள் அப்பா இயந்திரத்தின் அடியில் படுத்து என்னிடம் படித்துச் சொன்னார். அவர் படித்தது 738264915. அது சரியான எண். 738246915 என்று தவறாக எழுதியவன் நான். தந்தி போகும் முன்பே உங்கள் அப்பா தவறைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். மறுபடி போய்ப் பார்த்து வருகிறேன் என்று கேட்டார். நான் விடவில்லை. ஸ்டோரில் இன்றுவரை எண்களைச் சோதிக்கும் முறை உங்கள் அப்பாவினுடையது, என்னுடையது அல்ல.

அவர் சொன்னாரா என்று விசாரணையில் என்னைக் கேட்டபோது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.